மொன்ரியாலே பேராலயம்: தங்கச் சுவரை எந்த முனையிலிருந்து பார்க்கத் தொடங்குவது?

இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள பலெர்மோவில் இரண்டே நாள்தான் இருப்போம், அரண்மனைக்குள் இருக்கும் பாலத்தீனா சிற்றாலயத்தின் தங்க மொசைக்கை (சிறு சில்லுகள் பதித்த சுவர்ப்படங்களை) எப்படியும் பார்த்துவிடுவோம், அதற்குமேல் பக்கத்து மலைச்சரிவில் இருக்கும் மொன்ரியாலே பேராலயத்துக்கும் போகத்தான் வேண்டுமா, முழங்கால் வலியுள்ள அம்மாவும் கூட வருகிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் போக வேண்டும். அரை நாள் முழுதாக ஒதுக்குங்கள். இரண்டு இடமும் ஒரே வகை என்று நினைத்து ஒன்றை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அப்படி விடக்கூடாது என்பதற்குக் காரணம் சொல்கிறேன், எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்கிறேன். இரண்டாவதுதான் முக்கியம். மொன்ரியாலேவுக்குள் நுழைகிறவர்கள் "அப்பா, எவ்வளவு தங்கம்!" என்று அண்ணாந்து பார்த்து, பத்து படம் எடுத்து, கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தச் சுவர்களில் ஒரு பெரிய கதை வரிசை மாறாமல் ஓடுகிறது. அது தொடங்கும் இடம் தெரிந்தால் ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது.

முதலில் இதைக் கட்டியவர்களைப் பற்றிக் கொஞ்சம். சிசிலியை அரபு ஆட்சியாளர்களிடமிருந்து பிடித்தவர்கள் வட பிரான்ஸிலிருந்து வந்த நார்மன் குடும்பத்தினர். பலெர்மோ அவர்கள் கைக்கு வந்தது 1072-இல். 1130-இல் இரண்டாம் ரோஜர் அரசராக முடிசூடினார். அவருடைய ஆட்சியில் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றும் அரசு மொழிகளாக இருந்தன. பாலத்தீனா சிற்றாலயம் அவருடையது. மொசைக் போட்டவர்கள் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) மரபில் வந்த கைவினைஞர்கள். தேன்கூடு போலத் தொங்கும் மரக்கூரையைச் செதுக்கி வண்ணம் தீட்டியவர்கள் இஸ்லாமியக் கலைஞர்கள். அது அரசர் தன் வீட்டுக்குள் கட்டிய கோயில், அளவில் சின்னது, மிக நுணுக்கமானது.

மொன்ரியாலே அவருடைய பேரன் இரண்டாம் வில்லியமுடையது. சிறுவனாக இருந்தபோதே 1166-இல் அரியணை ஏறியவர். இளைஞரானதும் 1170-களின் முற்பகுதியில், பலெர்மோவுக்குத் தென்மேற்கே மலைச்சரிவில் இருந்த அரச வேட்டைக்காட்டில் இதைத் தொடங்கினார். ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இது: வேட்டைக்குப் போன அரசர் ஒரு கரோப் மரத்தடியில் தூங்கிவிட்டார். கனவில் மாதா தோன்றி, உன் தந்தை புதைத்துவைத்த புதையல் இந்த மரத்தடியில் இருக்கிறது, அதை எடுத்து எனக்கு ஒரு ஆலயம் கட்டு என்றாராம். வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் காரணம் வேறு. பலெர்மோ பேராயர் வால்ட்டர் அந்நாளில் மிகுந்த செல்வாக்குடன் இருந்தார். அவருக்கு எதிரெடையாக இன்னொரு பேராயர் பீடத்தைப் பக்கத்திலேயே உண்டாக்க அரசர் விரும்பினார். தென் இத்தாலியின் காவா மடத்திலிருந்து பெனடிக்டைன் துறவிகளை வரவழைத்தார், நிலங்களை அள்ளிக் கொடுத்தார். 1183-இல் திருத்தந்தை மூன்றாம் லூசியஸ் இதைப் பேராயர் ஆலயமாக உயர்த்தினார். வால்ட்டரும் சும்மா இருக்கவில்லை. பலெர்மோவில் இன்று நிற்கும் பேராலயத்தை எழுப்பி 1185-இல் அர்ச்சித்தார். ஒரே பத்தாண்டில், சில மைல் இடைவெளியில், இரண்டு மாபெரும் ஆலயங்கள் எழும்பியதற்குப் பின்னால் பக்தியோடு இந்தப் போட்டியும் இருந்தது என்பதை நான் நம்புகிறேன்.

இந்த அவசரத்தால் மொன்ரியாலேவுக்கு ஒரு அரிய தன்மை கிடைத்தது. வில்லியம் 1189-இல் முப்பத்தைந்து வயதை ஒட்டி வாரிசில்லாமல் இறந்தார். சுவர் அலங்காரத்தின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. ஆறாயிரம் சதுர மீட்டருக்கும் மேற்பட்ட மொசைக், ஒரே தலைமுறையில், ஒரே திட்டத்தின்படி. வெனிஸ் புனித மாற்கு பேராலயத்தில் பரப்பளவு இதைவிட அதிகம், சுமார் 8,000 சதுர மீட்டர். ஆனால் அது பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்து, இடையில் பிய்த்து மாற்றி, ஒட்டு வேலைகளோடு வந்து நிற்பது. மொன்ரியாலேவில் முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை ஒரே மூச்சு தெரியும்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கண் நேராக எங்கே போகும் என்பதைக் கட்டியவர்களே தீர்மானித்துவிட்டார்கள். எதிரே, பீடத்துக்குப் பின்னால் உள்ள அரைக்கோளக் குழிவில், மார்பளவுக்குக் கிறிஸ்து. ஏறக்குறைய பதிமூன்று மீட்டர் அகலம், ஏழு மீட்டர் உயரம். கைகள் இரண்டும் குழிவின் வளைவோடு சேர்ந்து வளைவதால், அந்தக் கட்டடமே நம்மை அணைக்க வருவது போலத் தோன்றும். வலக்கை ஆசி கூறுகிறது. இடக்கையில் விரித்த புத்தகம். அதில் ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன், இரண்டிலும் ஒரே வசனம்: "உலகின் ஒளி நானே." அவருக்குக் கீழே அரியணையில் மாதாவும் குழந்தையும், இருபுறமும் வானதூதர்கள், திருத்தூதர்கள். இன்னும் கீழே, புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிசையில் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். பெயர் லத்தீனில் எழுதியிருக்கும்: கேன்டர்பரியின் புனித தோமஸ். இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றியோடு மோதியவர், 1170-இல் தன் ஆலயத்துக்குள்ளேயே ஹென்றியின் வீரர்களால் வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் தோமஸ் பெக்கெட். 1173-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய உருவங்களில் இது மிகப் பழையவற்றில் ஒன்று. இதில் வியப்பு என்னவென்றால், இந்த ஆலயத்தைக் கட்டிய வில்லியம் 1177-இல் மணந்த ஜோன், அதே ஹென்றியின் மகள். யாரால் அவர் இறந்தாரோ அந்த அரசரின் மருமகன் கட்டிய கோயிலில், பீடத்துக்கு மிக அருகில் அவர் நிற்கிறார். மாமனார் சார்பான பரிகாரமா, திருச்சபைக்குக் காட்டிய மரியாதையா, மருமகனின் துணிச்சலா என்று நெடுநேரம் யோசிக்க வைக்கும் இடம் இது. அந்த வரிசை தூரத்தில் இருப்பதால் ஒரு சின்ன பைனாகுலர் எடுத்துப் போங்கள். மொன்ரியாலேவுக்கு நான் சொல்லும் ஒரே கருவி அதுதான். கேமராவைவிடப் பயன்படும்.

இனி கதை. பீடத்தைப் பார்த்தபடி நடுக்கூடத்தில் நில்லுங்கள். வலப்பக்கச் சுவரில், பீடத்தை ஒட்டிய முனையில், மேல் வரிசையைப் பாருங்கள். ஆதியாகமத்தின் தொடக்கம் அதுதான். தண்ணீருக்கு மேல் ஆவி அசைவாடுகிறது. அங்கிருந்து வாசல் பக்கமாகப் படைப்பின் நாட்கள் ஒவ்வொன்றாக நகர்கின்றன. நட்சத்திரங்கள் பதித்த வானம், மீனும் பறவையும், மிருகங்கள், ஆதாம். ஏழாம் நாளில் கடவுள் உட்கார்ந்து ஓய்வெடுக்கிறார். வேலை முடிந்து, செய்தவற்றைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அந்தப் படத்தின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கதை வாசல் பக்கச் சுவரில் ஏவாளின் படைப்பைச் சொல்லித் திரும்பி, இடப்பக்கச் சுவர் வழியே பீடத்தை நோக்கிப் போகிறது: விலக்கப்பட்ட கனி, தோட்டத்திலிருந்து வெளியேற்றம், காயீனும் ஆபேலும், நோவாவுக்கு வரும் கட்டளை. மேல் வரிசை அத்தோடு முடிகிறது. மறுபடி வலப்பக்க முனைக்கு வந்து கீழ் வரிசையைத் தொடங்க வேண்டும். பேழை கட்டுவது, வெள்ளம், வானவில், பாபேல், ஆபிரகாமின் விருந்தினர்கள். பிறகு ஈசாக்கைப் பலியிடப் போவது, கிணற்றடியில் ரெபேக்கா, யாக்கோபின் ஏணி. வானதூதரோடு யாக்கோபு மல்லுக்கட்டுவதோடு நடுக்கூடத்தின் கதை நிறைவடைகிறது. இயேசுவின் வாழ்க்கை பீடத்தை நெருங்கிய குறுக்குக்கூடத்துச் சுவர்களில் இருக்கிறது, அவர் செய்த அற்புதங்கள் பக்கக்கூடங்களில். பழைய ஏற்பாட்டைக் கடந்துதான் நற்செய்திக்குப் போக முடியும் என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது.

பாபேல் கோபுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த ஆலயத்தில் மிகப் பிடித்த இடம் அது. வானம் தொடக் கோபுரம் கட்டியவர்கள் மேல் கடவுள் கோபம்கொண்ட கதைதான். ஆனால் மொசைக் போட்டவர்களுக்கு அதைவிட ஒரு கட்டட வேலை எப்படி நடக்கும் என்பதில்தான் மனது போயிருக்கிறது. கீழே சாந்து குழைக்கிறார்கள். சித்தாள் தோளில் சுமந்துகொண்டு ஏணியில் ஏறுகிறார். மேலே கொத்தனார்கள் குனிந்து கல் அடுக்குகிறார்கள். இந்தப் படத்தைப் போட்டவர்கள் தங்களைச் சுற்றி அன்றாடம் பார்த்த காட்சி அது. அதே சாரத்தின் மேல் நின்றுதான் இதைப் பதித்திருப்பார்கள். நோவாவின் பேழையிலும் அப்படித்தான், தச்சர்கள் ரம்பம் இழுக்கும் வேகம் தெரியும். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தொழிலாளர்களை இவ்வளவு கிட்டத்தில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் ஐரோப்பாவில் குறைவு.

தங்கத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், அது நிஜத் தங்கமா என்று. நிஜம்தான், ஆனால் மிக மெல்லிய தகடு. கண்ணாடிப் பலகையின் மேல் தங்கத் தகட்டை ஒட்டி, அதன் மேல் காகிதம் போல மெல்லிய இன்னொரு கண்ணாடியை வைத்துச் சூளையில் உருக்கி இணைப்பார்கள். பிறகு சிறு சிறு சில்லுகளாக வெட்டுவார்கள். தங்கம் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் சிக்கிக்கொள்வதால் காற்றோ புகையோ மெழுகுவர்த்திக் கரியோ அதைத் தொடுவதில்லை. எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் மங்காததற்குக் காரணம் அதுதான். ஈரமான சுண்ணாம்புச் சாந்தில் சில்லுகளைக் கையால் அழுத்துவதால் ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் நிற்கும். அதனால் நீங்கள் இரண்டு அடி நகர்ந்தால் ஒளிரும் இடமும் கூடவே நகரும். மேகம் சூரியனை மறைத்தால் சுவர் முழுக்கப் பழுப்பாகிவிடும், விலகினால் மறுபடி பற்றிக்கொள்ளும். புகைப்படத்தில் இது வரவே வராது. முகங்களை மட்டும் பாருங்கள், அங்கே தங்கம் இருக்காது. வெள்ளை, ரோஜா, பச்சை நிறங்களில் இன்னும் சிறிய சில்லுகளை வைத்துக் கன்னத்தையும் நெற்றிச் சுருக்கத்தையும் கொண்டுவந்திருப்பார்கள். முடிந்தால் வெயில் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள்.

கலை வரலாற்று நூல்களில் ஒரு குறை படித்திருப்பீர்கள். மொன்ரியாலே அளவில் பெரியது, தரத்தில் செஃபாலுதான் மேல் என்பார்கள். பலெர்மோவுக்குக் கிழக்கே ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில் கடலோரம் இருக்கும் செஃபாலு பேராலயத்தின் கிறிஸ்து 1148-இல் முடிந்தது. அந்த முகத்தின் கனிவு அபாரமானது, அதை மறுக்கமாட்டேன். மொன்ரியாலேவில் உடைகளின் மடிப்புகள் அளவுக்கு மீறிச் சுழல்வதும், சில உருவங்கள் அவசரமாக முடித்தது போலத் தெரிவதும் உண்மை. ஆனால் செஃபாலுவில் மொசைக் பீடத்தைச் சுற்றி மட்டும்தான், நடுக்கூடத்துச் சுவர்கள் வெறுமையாக நிற்கின்றன. மொன்ரியாலேவை ஒரு முகத்தை வைத்து மதிப்பிடுவது தவறு. நூறு மீட்டருக்கு நீளும் ஒரு கட்டடம் முழுவதையும் ஒரே கதையாக ஆக்கியதுதான் அதன் சாதனை, அந்த அளவுகோலில் அதற்கு இணை எதுவும் எனக்குத் தெரியாது.

பீடத்தை நெருங்கும்போது எதிரெதிராக இரண்டு இருக்கைகள் தெரியும், ஒன்று அரசருக்கு, ஒன்று பேராயருக்கு. அரசரின் இருக்கைக்கு மேலே உள்ள மொசைக்கில் கிறிஸ்து தன் கையாலேயே வில்லியமுக்கு முடிசூட்டுகிறார். நடுவில் திருத்தந்தையும் இல்லை, பேராயரும் இல்லை. என் அதிகாரம் நேராக மேலேயிருந்து வந்தது என்று அரசர் சொல்லிக்கொள்கிறார். அந்நாளில் இது கூர்மையான அரசியல் பேச்சு. எதிர்ப்பக்கத்துப் படத்தில் அதே வில்லியம் குனிந்து, ஆலயத்தின் சிறு வடிவத்தை மாதாவின் கைகளில் கொடுக்கிறார். பேராயர் தன் இருக்கையில் அமர்ந்து நிமிர்ந்தால் முடிசூட்டுப் படம்தான் எதிரே தெரியும்.

வில்லியமும் அவர் தந்தை முதலாம் வில்லியமும் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார்கள். தந்தையுடையது ஊதா நிறப் போர்ஃபிரிக் கல்லில் செய்த பேழை. 1270-இல் துனிஸில் இறந்த பிரான்ஸ் அரசர் புனித லூயியின் உடல் சிசிலி வழியாகத்தான் ஊர் திரும்பியது. அவருடைய உள்ளுறுப்புகள் இங்கே வைக்கப்பட்டன. தலைக்கு மேலே தெரியும் வண்ண மரக்கூரையைப் பழமையென்று எண்ணிவிடாதீர்கள். 1811-இல் தீப்பிடித்துக் கூரை எரிந்தது, இப்போது பீடப் பக்கம் காண்பது அதற்குப் பின் மீண்டும் செய்தது. மொசைக் தப்பியது.

வாசல் கதவுகளையும் பார்க்காமல் வராதீர்கள். மேற்கு வாசலின் வெண்கலக் கதவு பீசா நகரத்து பொனானோ வார்த்தது. தன் பெயரையும் 1186 என்ற ஆண்டையும் அதில் பொறித்திருக்கிறார். உள்ளே பார்த்த ஆதாம் ஏவாள் கதையே சிறு சிறு சதுரங்களில் இருக்கும். வடக்குக் கதவு திரானி ஊர் பாரிசானோ செய்தது.

பக்கத்திலேயே துறவிகளின் உள்முற்றம், தனி நுழைவுச்சீட்டு. இதைத் தவிர்க்காதீர்கள். பக்கத்துக்கு 47 மீட்டர் உள்ள சதுர முற்றம், சுற்றிலும் 228 தூண்கள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக. பல தூண்களில் வண்ணச் சில்லுகள் கொடி போலச் சுற்றி ஏறுகின்றன. தூண் உச்சியில் உள்ள ஒவ்வொரு சிற்பமும் வேறு வேறு: விவிலியக் காட்சிகள், வேட்டை, காளையைப் பலியிடும் ஒரு பழைய ரோமானியக் காட்சிகூட உண்டு. ஒன்றில் சிற்பி தன் பெயரை வெட்டிவைத்திருக்கிறார், "கான்ஸ்டன்டைன் மகன் ரோமானுஸ், பளிங்குச் சிற்பி" என்று. ஒரு மூலையில் பேரீச்சை மரம் போல எழும்பும் தூணிலிருந்து நீர் வழியும் ஊற்று இருக்கிறது. அரபு அரண்மனைத் தோட்டங்களின் சாயல் அங்கே நன்றாகத் தெரியும்.

இன்னொன்று, கட்டணம் இல்லாதது. வெளியே வந்து கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கத் தெருவுக்குப் போங்கள். பீடத்தின் வெளிச்சுவர் முழுக்க, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் வளைவுகளாக, கருத்த எரிமலைக் கல்லும் வெளிர் சுண்ணாம்புக் கல்லும் மாறி மாறி இழைத்திருக்கிறார்கள். உள்ளே பைசாந்தியம் என்றால் வெளியே அரபு மரபு. பெரும்பாலான பயணிகள் இந்தத் தெருவுக்கு வருவதேயில்லை.

போக்குவரத்து எளிது. நார்மன் அரண்மனையை ஒட்டிய பியாட்ஸா இன்டிபென்டென்சாவிலிருந்து 389 எண் நகரப் பேருந்து மொன்ரியாலே போகும். எண்ணையும் நேரத்தையும் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீட்டை முன்கூட்டியே புகையிலைக் கடையில் வாங்குவது நல்லது. பாலத்தீனா சிற்றாலயமும் அதே இடத்தில்தான் என்பதால் காலையில் அதைப் பார்த்துவிட்டு மொன்ரியாலே கிளம்பலாம் என்று தோன்றும். நான் அதற்கு எதிர்ப்பு. ஒரே நாளில் இரண்டு தங்கக் கோயில் பார்த்தால் இரண்டாவதில் கண் களைத்துவிடும். நாளுக்கு ஒன்றாகப் பிரியுங்கள். அரண்மனையில் சிசிலிப் பிராந்தியச் சட்டமன்றம் கூடுவதால் அங்கே சில நாட்களில் சில பகுதிகள் மூடியிருக்கும், அதையும் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள். மொன்ரியாலேவில் ஞாயிறு காலை திருப்பலி நடக்கும், சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். மற்ற நாட்களிலும் மதியம் சில மணி நேரம் மூடுவது உண்டு. தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், அம்மா புடவையிலோ சுடிதாரிலோ வந்தால் கவலையில்லை.

உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நகரின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் குகைக்கோயில் பெல்லெக்ரினோ மலைமேல் இருக்கிறது. அங்கே கிறிஸ்தவர்களோடு சைவத் தமிழர்களும் நேர்த்திக்கடனுடன் ஏறிப்போவது வழக்கம். இரண்டாம் நாள் மாலையில் நேரம் மிஞ்சினால் பேருந்தில் மேலே போய் வாருங்கள்.

அம்மா விஷயம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஆலயம் வரை கொஞ்சம் ஏற்றம், முடியாவிட்டால் பலெர்மோவிலிருந்தே டாக்சி பேசிக்கொள்ளுங்கள். ஆலயத்துக்குள் தரை சமமானது, உட்கார இருக்கைகள் உண்டு. அம்மாவை நடுக்கூடத்தில் பாதித் தொலைவில் உட்காரவைத்தால் படைப்பிலிருந்து யாக்கோபு வரை தலையைத் திருப்பியே பார்த்துவிடலாம், நீங்கள் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு காட்சியாகச் சொல்லுங்கள். உள்முற்றத்திலும் அவருக்குச் சிரமமில்லை. கூரைமேல் தளத்துக்கு மட்டும் அழைத்துப் போகாதீர்கள். அங்கிருந்து உள்முற்றமும் பலெர்மோ சமவெளியும் கடலும் தெரியும்தான், ஆனால் படிகள் செங்குத்து, சில இடங்களில் ஒருவர் மட்டுமே நுழையும் அகலம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை. நீங்கள் மட்டும் ஏறி இறங்க முக்கால் மணி நேரம் போதும்.